மூக்குக் குழாயும் மோர்பினும்: கத்தோலிக்கப் பராமரிப்பு என்ன சொல்கிறது?

திருகோணமலை பொது வைத்தியசாலையில், விடுதி வாசலில் நின்று வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற நேரம் ஒன்று உண்டு. எண்பது கடந்த அம்மாவுக்குப் பாரிசவாதம். பேச்சில்லை, விழுங்க முடியவில்லை. மூக்கால் குழாய் போடுவதா, அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவதா, வீட்டுக்குக் கொண்டுபோவதா என்று வைத்தியர் கேட்கிறார். ஒரு பிள்ளை உவர்மலையில் இருக்கிறது, ஒன்று ரொறன்ரோவில், இன்னொன்று லண்டனில். கத்தோலிக்கக் குடும்பமானால் இந்தக் கேள்விகளோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: "இதுக்குக் கோவில் என்ன சொல்லுது?"

பதிலாக இரண்டு கருத்துகள் நம் ஊரில் உலவுகின்றன. எப்படியாவது உயிரை இழுத்துப் பிடிக்கவேண்டும், மெஷினை நிறுத்தச் சம்மதிப்பது பாவம் என்பது ஒன்று. வலியைத் தாங்குவது புண்ணியம், ஆகவே கடும் வலி மருந்து வேண்டாம் என்பது மற்றது. இரண்டும் திருச்சபையின் போதனை அல்ல. இரண்டாலும் வயதானவர்கள் தேவையில்லாமல் துன்பப்படுகிறார்கள். அதனால்தான் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் மாவட்டம் இது. கத்தோலிக்கர் சிறு தொகையினர். ஆனாலும் அருட்சகோதரிகள் நடத்தும் ஓர் இல்லத்தில் தாயையோ தந்தையையோ சேர்க்கும் நிலை எந்த மதத்துக் குடும்பத்துக்கும் வரலாம். அங்கே எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்திருப்பது எல்லோருக்கும் உதவும்.

முதலில் கொஞ்சம் வரலாறு. திருகோணமலை மறைமாவட்டம் 1893-இல் உருவாகி இயேசு சபைக் குருக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் வந்தார்கள், பின்னர் அமெரிக்கர் வந்தார்கள். 2012-இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாகப் பிரியும்வரை கிழக்குக் கரை முழுவதும் ஒரே ஆயரின் கீழ் இருந்தது. அந்தக் குருக்கள் பெரிதும் ஊன்றியது பள்ளிக்கூடங்களில். வடக்கில் அமெரிக்க புரட்டஸ்தாந்து மிஷன் வேறு வழியில் போனது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். கத்தோலிக்கத் திருச்சபை இலங்கையில் நோயாளருக்குச் செய்த சேவையின் பெரும்பகுதி அப்படிச் சொந்தக் கட்டடங்களில் நடக்கவில்லை. அது அரசாங்க வைத்தியசாலைகளுக்குள், கன்னியாஸ்திரிகளின் கைகளால் நடந்தது.

அந்தக் கன்னியாஸ்திரிகளில் முன்னணியில் நின்ற சபைக்கு ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. மரியாயின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் என்கிற அந்தச் சபை 1877-இல் ஊட்டியில் தோன்றியது. அதை நிறுவிய பிரெஞ்சுப் பெண், பாடுகளின் மரியா என்ற துறவுப் பெயர் கொண்டவர், 1865 முதல் மதுரை மிஷனில் பணிசெய்தவர். ஊட்டியில் தொடங்கி பத்து ஆண்டுகூட ஆகுமுன், 1886-இல், அந்தச் சகோதரிகள் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் நோயாளரைப் பார்க்க வந்துவிட்டார்கள். அப்போது கொழும்பில் ஆயராக இருந்த பொன்ஜீன் ஆண்டகை, அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஆயராக இருந்தவர். பின்னாளில் மட்டக்களப்பு வாவியின் நடுவே, மாந்தீவில் ஒதுக்கிவைக்கப்பட்ட தொழுநோயாளரையும் இச்சபையினர் பராமரித்தார்கள். சொந்த வீட்டார் தொட அஞ்சிய புண்களை அவர்கள் கழுவிக் கட்டினார்கள்.

1960-களின் முற்பகுதியில் அரசாங்க வைத்தியசாலைகளிலிருந்து கன்னியாஸ்திரித் தாதியர் விலக நேர்ந்தது. அரசியலும் மதமும் கலந்த கதை அது. இங்கே அதற்குள் போகவில்லை. அதன் விளைவுதான் நமக்கு முக்கியம். இன்று இலங்கையில் ஒரு கத்தோலிக்கர் நோயில் விழுந்தால், ஏனைய எல்லோரையும்போல பெரும்பாலும் இலவச அரசாங்க வைத்தியசாலைக்கே போகிறார். திருச்சபையின் பங்கு முதியோர் இல்லங்களில், பங்குத்தந்தையின் நோயாளர் சந்திப்பில், வின்சென்ட் டி போல் சபையினர் கொண்டுபோகும் உணவுப் பொதியில், கட்டிலருகே குடும்பம் எடுக்கும் முடிவில் இருக்கிறது. ஆகவே, பெயர்ப்பலகையில் புனிதரின் பெயர் இல்லாத இடத்திலும் இந்த விழுமியங்கள் தேவைப்படுகின்றன.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை எளிதானது. மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர். அவருடைய மாண்பு அவர் செய்யக்கூடிய வேலையாலோ, அவருடைய நினைவாற்றலாலோ, பணத்தாலோ வருவதல்ல. மறதி நோய் முற்றி, பெற்ற மகளையே "நீ ஆர்?" என்று கேட்கும் அம்மம்மாவிடமும் அது ஒரு துளியும் குறையாமல் இருக்கிறது. இதை ஏற்றுக்கொண்டால் நடைமுறையில் பல காரியங்கள் மாறும். குளிப்பாட்டும்போது திரை இழுத்துவிடப்படும். பம்பர்ஸ் மாற்றுமுன் "அம்மா, இப்ப மாத்தப்போறன்" என்று சொல்லப்படும். அவர் காதுபடவே அவரைப் பற்றி, அங்கே இல்லாத ஒருவரைப் பேசுவதுபோல் பேசமாட்டார்கள். விழுந்துவிடுவார் என்ற சாட்டில் கட்டிலோடு கட்டிவைக்கமாட்டார்கள். ஒரு கத்தோலிக்க இல்லம் கத்தோலிக்கமாக இருக்கிறதா என்று அறிய நான் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். சுவரில் தொங்கும் படங்கள் அதற்குப் பிறகு.

முதியோர் பராமரிப்பில் இதற்கு முன்மாதிரி ழான் ழுகான் என்ற பிரெஞ்சுப் பெண். 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், சன் செர்வன் என்ற துறைமுக ஊரில், பார்வையற்ற, உடல் வழங்காத ஒரு மூதாட்டியைத் தன் வீட்டுக்குத் தூக்கிவந்து தன் கட்டிலையே கொடுத்தார். அவரே அப்போது வீட்டுவேலை செய்து பிழைத்த ஏழை. அங்கிருந்து வளர்ந்ததுதான் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. 1888 முதல் கொழும்பிலும் அவர்களுடைய இல்லம் இருக்கிறது. நிரந்தர வைப்பு நிதியை நம்பாமல், சந்தையிலும் கடையிலும் கேட்டுவாங்கி முதியோருக்கு உணவிடுவது அவர்களது வழக்கம். ழான் ழுகானை 2009-இல் திருச்சபை புனிதராக அறிவித்தது. முதியவரை வீட்டின் ஆகச்சிறந்த கட்டிலில் கிடத்தி மற்றவர் தரையில் படுப்பது என்பதுதான் அந்த வாழ்க்கையில் எனக்குத் தங்கிய செய்தி. நம் இல்லங்கள் பலவற்றில் நன்கொடையாக வந்த பழைய கட்டில்களே முதியோருக்குப் போகின்றன.

இனி வலி. இதைப்பற்றித் திருச்சபை பேசவில்லை என்று நினைப்பவர்கள் பலர். ஆனால் 1957 பெப்ரவரியிலேயே, மயக்கமருந்து வைத்தியர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தெளிவாகச் சொல்லிவிட்டார். வலியைத் தாங்கிக்கொள்ள விரும்பும் ஒருவர் தாங்கலாம். அது அவருடைய சொந்தத் தெரிவு. அதை வேறொருவர் மீது சுமத்த முடியாது. கடும் வலியைத் தணிக்கச் சக்திவாய்ந்த மருந்து கொடுக்கலாம். வேறு வழியில்லாத இடத்தில், அந்த மருந்தால் ஆயுள் சற்றுக் குறையக்கூடும் என்று முன்னரே தெரிந்தாலும் கொடுக்கலாம், நோக்கம் வலியைத் தணிப்பதாக இருக்கும்வரை. இன்றைய மறைக்கல்வி நூலும் இதையே சொல்கிறது. மரணப்படுக்கையில் நோவைத் தணிக்கும் பராமரிப்பைத் தன்னலமற்ற அன்பின் தனிச் சிறப்பான வடிவம் என்று அது போற்றுகிறது.

தாதியரும் வைத்தியரும் இந்த வழியில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பதற்கு லண்டன் ஹக்னியில் சாட்சி இருக்கிறது. அங்கே அயர்லாந்துக் கன்னியாஸ்திரிகள் நடத்திய புனித சூசையப்பர் இல்லத்தில் 1958 முதல் பணிசெய்தவர் சிசிலி சோண்டேர்ஸ் என்ற வைத்தியர். வலி வந்து நோயாளி கதறியபின் மருந்து கொடுப்பது அக்கால வழக்கம். அவர் அதை மாற்றி, வலி திரும்பி வருமுன்பே மணிக்கணக்குப்படி வாயால் மோர்பின் கொடுத்தார். நோயாளிகள் மயங்கிக் கிடக்கவில்லை. பேசினார்கள், சாப்பிட்டார்கள், பேரப்பிள்ளைகளைக் கண்டார்கள். அடிமையாகிவிடுவார்கள் என்ற பயமும் முறையாகக் கொடுத்த இடத்தில் மெய்ப்படவில்லை. உலகெங்கும் இன்று நடக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு இந்த அனுபவத்திலிருந்துதான் கிளைத்தது. சோண்டேர்ஸ் கத்தோலிக்கர் அல்லர். ஆனாலும் அந்தச் சகோதரிகளின் இல்லத்தில்தான் அவர் இதைச் செய்து காட்டினார்.

ஆகவே, புற்றுநோய் எலும்பில் பரவி அலறும் ஒருவரிடம் "இயேசுவின் பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, மோர்பின் கேட்கத் தயங்குவது பக்தி அல்ல. செபமும் மருந்தும் ஒரே கட்டிலுக்கு உரியவை. கிளினிக்கில் வைத்தியரிடம் நேரே கேளுங்கள்: "வலிக்கு இதைவிடப் பலமான மருந்து இருக்கா? எத்தனை மணிக்கொருக்கா குடுக்கிறது?" கேட்பது உரிமை.

அடுத்தது சிகிச்சையை எங்கே நிறுத்தலாம் என்ற கேள்வி. இதற்கும் 1957-இல் விடை உண்டு. அந்த ஆண்டு நவம்பரில் அதே திருத்தந்தை, சுவாசக் கருவி பற்றிக் கேட்ட வைத்தியர்களுக்குச் சொன்ன பதில் இன்றைக்கும் அடிப்படையாக நிற்கிறது. உயிரையும் உடல்நலத்தையும் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அதற்கு மேற்பட்ட வழிகள் கட்டாயமல்ல. எது சாதாரணம் என்பதற்கு நிரந்தரப் பட்டியல் கிடையாது. ஆள், இடம், காலம், சூழல் ஆகியவற்றைப் பார்த்து, நோயாளிக்கோ மற்றவருக்கோ கடும் சுமையாகாதது எதுவோ அதுவே சாதாரணம் என்றார். 1980-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை இதையே அளவுக்கு ஏற்ற சிகிச்சை, அளவுக்கு மிஞ்சிய சிகிச்சை என்று பிரித்துச் சொன்னது. 2017 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸும் அதை மீண்டும் நினைவூட்டினார்.

இதை நம் விடுதி வாசலுக்குக் கொண்டுவருவோம். நாற்பது வயதுக்காரருக்கு நியூமோனியா. சில நாள் சுவாசக் கருவியில் இருந்தால் பிழைப்பார். அவருக்கு அந்தக் கருவி அளவுக்கு ஏற்ற சிகிச்சை. தொண்ணூறு வயதில், சிறுநீரகமும் இதயமும் சேர்ந்து ஓய்ந்துபோன ஒருவருக்கு அதே கருவி சாவை இழுத்தடிப்பதாக மட்டுமே இருக்கலாம். வாரம் மூன்று முறை குருதி சுத்திகரிப்புக்குத் தூரப் பயணம் போய்வந்து, ஒவ்வொரு முறையும் துவண்டுபோகிற முதியவர் "போதும் பிள்ளை" என்று சொன்னால், அதைக் கேட்பது அவரைக் கைவிடுவதாகாது. வீட்டை ஈடுவைத்துத்தான் தனியார் வைத்தியசாலைக் கட்டணம் கட்டவேண்டும் என்ற நிலையும் இந்தக் கணக்கில் சேரும். குடும்பத்தின் சுமையை எண்ணிப் பார்ப்பதற்காக வெட்கப்படத் தேவையில்லை. திருச்சபையே அதை எண்ணச் சொல்கிறது. எல்லாம் செய்யவில்லையே என்று பல ஆண்டுகள் மனம் வெதும்பும் பிள்ளைகளை நான் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆனால் ஒரு கோட்டைத் திருச்சபை தாண்டவிடாது. ஒருவரைச் சாகடிக்கும் நோக்கத்தோடு மருந்து கொடுப்பதையும், அதே நோக்கத்தோடு தேவையான பராமரிப்பை மறுப்பதையும் அது ஒருபோதும் ஏற்பதில்லை. கருணைக்கொலைக்கு இலங்கைச் சட்டத்திலும் இடமில்லை. சுவாசக் கருவியை எடுத்துவிட்டால் நோய் தன் வழியில் முடிகிறது; விஷ ஊசி போட்டால் ஊசியே கொல்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவதால்தான் பலர் தேவையான இடத்திலும் சம்மதம் சொல்லப் பயப்படுகிறார்கள்.

இனி மூக்குக் குழாய். இது கொஞ்சம் சிக்கலானது. உணவும் தண்ணீரும், குழாய் வழியே போனாலும், பொதுவாக அடிப்படைப் பராமரிப்பே என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2004-இல் சொன்னார். 2007-இல் வத்திக்கான் அதை உறுதிசெய்தது. ஆகவே விழுங்க முடியாத, ஆனால் சாகும் தறுவாயில் இல்லாத பாரிசவாத நோயாளிக்குக் குழாய் போடுவதே வழமை. உடல் உணவை ஏற்காத கட்டத்தில், அல்லது குழாயே பெருந்துன்பமாகிவிட்டால் அது கட்டாயமல்ல. கடைசி நாட்களில் உடல் தானாகவே உணவை விட்டுவிடும். அந்த நேரத்தில் ஈரப்பஞ்சால் உதட்டை நனைப்பதுதான் பராமரிப்பு. அந்தத் திருத்தந்தையின் சொந்த முடிவையே பாருங்கள். 2005 பெப்ரவரியில் அவருக்குத் தொண்டையில் துளையிட்டார்கள். மார்ச் இறுதியில் மூக்குக் குழாயும் போட்டார்கள். நிலைமை மோசமானபோது அவரை மீண்டும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவில்லை. தம் அறையிலேயே ஏப்ரல் 2-இல் இறந்தார். தேவையானதை ஏற்றுக்கொள்வதும், ஒரு கட்டத்தில் போதும் என்பதும் ஒரே மனிதரின் வாழ்வில் சேர்ந்திருக்க முடிந்தது.

சமயச் சடங்குகளைப் பற்றியும் ஒரு தவறான எண்ணத்தைக் களையவேண்டும். சுவாமியைக் கூப்பிட்டால் ஆள் தப்பமாட்டார் என்ற பயம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அவஸ்தைப்பூசுதல் என்று முன்னர் அழைத்த காலத்தின் எச்சம் அது. 1972-இல் இந்தத் திருவருட்சாதனத்தின் முறை திருத்தப்பட்டது. இப்போது இது நோயில்பூசுதல். பெரிய சத்திரசிகிச்சைக்குமுன் பெறலாம், முதுமையால் தளர்ந்தவர் நோயின்றியும் பெறலாம், நிலை மோசமானால் திரும்பவும் பெறலாம். நினைவு தெளிவாக இருக்கும்போதே சுவாமியை வரச்சொன்னால் நோயாளியும் சேர்ந்து செபிக்க முடியும். பெப்ரவரி 11 லூர்து அன்னையின் திருநாள். 1993 முதல் அதே நாள் உலக நோயாளர் தினமாகவும் இருக்கிறது. பாலையூற்றில் லூர்து அன்னையின் திருத்தலத்தை வைத்திருக்கும் நம் ஊருக்கு இது அந்நியமான செய்தி அல்ல. நடக்க முடியாதவர்களை அன்று வாகனத்தில் ஏற்றிக்கொண்டுபோக ஒவ்வொரு பங்கும் ஏற்பாடு செய்யவேண்டும் என்பது என் விருப்பம்.

மற்ற மதத்தவருக்கு இதில் என்ன இடம்? சமயத்தில் எவரையும் வற்புறுத்தக் கூடாது என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் திருச்சபையின் கொள்கையாகவே வகுத்தது. ஒரு கத்தோலிக்க இல்லத்தில் இந்து முதியவர் திருநீறு பூசிக்கொள்ளவும், முஸ்லிம் முதியவர் தொழுகை நேரத்தைக் கடைப்பிடிக்கவும், ஹலால் உணவு கேட்கவும் முடியவேண்டும். முஸ்லிம் ஒருவர் இறந்தால் தாமதமின்றி அடக்கம் செய்ய ஜனாஸாவைக் குடும்பத்திடம் ஒப்படைக்கவேண்டும். மாலையில் செபமாலை சொல்லும்போது உட்காரவேண்டும் என்று எவரையாவது கட்டாயப்படுத்தினால், அது அந்த இல்லத்தின் சொந்தத் தவறு. நற்செய்தியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிவிட்ட சமாரியன், அவன் எந்த மதம் என்று விசாரிக்கவே இல்லை.

கத்தோலிக்க நிறுவனங்கள் செய்யாத சிகிச்சைகளும் உண்டு. கருக்கலைப்பு, பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சை முதலியவை அதில் அடங்கும். இலங்கையில் தாயின் உயிரைக் காக்கும் தேவைக்கு அன்றி கருக்கலைப்பு சட்டப்படியும் குற்றம். இதில் நான் நிறுவனங்களிடம் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: எதைச் செய்யமாட்டோம் என்பதை நோயாளி உள்ளே வருமுன்பே நேராகச் சொல்லிவிடவேண்டும்.

முதியோர் இல்லத்துக்கு வருவோம். போரும் சுனாமியும் புலம்பெயர்வும் நம் மாவட்டத்தின் குடும்பங்களைச் சிதறடித்துவிட்டன. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் மட்டும் பூட்டிய பெரிய வீட்டில் இருப்பது இங்கே சாதாரணம். பெற்றோரை இல்லத்தில் விடுவது பாவமா என்று கேட்கிறார்கள். கத்தோலிக்கச் சமூகப் போதனையில் முதல் பொறுப்பு குடும்பத்துடையது. குடும்பத்தால் முடியாததைப் பங்கும் நிறுவனமும் அரசும் செய்யவேண்டும். முடியாது என்பது பொய்யாக இல்லாதவரை அதில் பாவமில்லை. பணம் அனுப்புவதோடு நின்றுவிடுவதுதான் கேள்விக்குரியது. இல்லத்துக்கு மாதந்தோறும் காசு போகலாம். ஆனால் அம்மாவோடு வாரம் ஒருமுறை வீடியோவில் பேச யாரும் இல்லாமலிருக்கலாம்.

தருமமாக நடத்தும் இல்லம் என்பதற்காக எதையும் கேட்காமல் விட்டுவிடக் கூடாது. 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க மூத்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கட்டளையிடுகிறது. பராமரிப்புக் கோரி முறையிட ஒரு சபையையும் அது ஏற்படுத்தியது. முதியோர் இல்லங்களைப் பதிவுசெய்யவும் வழிசெய்தது. பிரதேச செயலகத்தின் சமூகசேவை அலுவலரிடம் பதிவைப்பற்றி விசாரிக்கலாம். இல்லத்திலும் கேளுங்கள். இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்? படுக்கைப்புண் வராமல் எத்தனை மணிக்கொருமுறை புரட்டிவிடுகிறார்கள்? ஓய்வூதியப் புத்தகம் யார் கையில் இருக்கும்? பார்க்க வருவதற்கு நேரக் கட்டுப்பாடு உண்டா?

இன்னொரு கேள்வியையும் கேட்கவேண்டும்; அதைக் கேட்பவர் குறைவு. அங்கே வேலைசெய்யும் பெண்களுக்கு என்ன சம்பளம்? 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் பற்றி எழுதிய சுற்றுமடல் முதல், நேர்மையான கூலி என்பது கத்தோலிக்கப் போதனையின் நடுப்பகுதியிலேயே இருக்கிறது. இருபது முதியோருக்கு இரவு முழுக்க ஒரே பராமரிப்பாளர், அவருக்கும் கைச்செலவுக்குக்கூடப் போதாத சம்பளம் என்றால், சேவை மனப்பான்மை என்ற பெயரால் அதை நியாயப்படுத்த முடியாது. முதுகு நோவோடும் தூக்கமின்மையோடும் இருப்பவர் பொறுமையாகப் பால்தேத்தண்ணி பருக்குவது எப்படி?

கடைசியாக ஒரு நடைமுறை வேலை. அம்மாவோ அப்பாவோ தெளிவாகப் பேசும் காலத்திலேயே, ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்த பிறகு, உட்கார்ந்து கேளுங்கள். குழாய் போடுவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? கடைசி நாட்களில் வீட்டிலிருக்க விருப்பமா, ஆஸ்பத்திரியிலா? எந்தச் சுவாமியைக் கூப்பிடவேண்டும்? கண்தானம் செய்ய மனமுண்டா? அதைத் திருச்சபை தடுப்பதில்லை, நல்ல காரியம் என்றே சொல்கிறது. உங்களுக்காகப் பேசப்போகும் பிள்ளை யார்? பதில்களை ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு படியைக் கிளினிக் கொப்பியோடு வைத்துக்கொண்டு, மற்றப் படிகளை வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள்.